இதயத்தைச் சுற்றிய கொழுப்பும் தாளம் தவறும் நாடியும்

ஊரில் பங்கு இறைச்சிக்கு ஆடு உரிக்கும்போது அதன் இதயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எம்மில் பலர். சிவந்த தசையின் மேற்பக்கத்தில், இரத்தக் குழாய்கள் புறப்படும் இடத்தைச் சுற்றி, வெள்ளையும் இளமஞ்சளுமாகக் கொழுப்புப் படிந்திருக்கும். தரவையில் மேய்ந்து திரிந்த ஆடாயின் அது மெல்லிய பட்டியாக இருக்கும். கட்டி வைத்துத் தவிடும் பிண்ணாக்கும் ஊட்டிய ஆடாயின் கொழுப்புத் தடித்துத் தசையை மூடியிருக்கும். சமைப்பவர் அதை வெட்டி வேறாக வைத்துவிடுவார்.

மனித இதயத்திலும் அதே கொழுப்பு அதே இடத்தில் இருக்கின்றது. அது அளவோடு இருக்கும்போது நன்மையே செய்கின்றது. அளவு மீறும்போது இதயத்தின் தாளத்தைக் குழப்புகின்றது. இதைப் பற்றியே இப்பாடத்தில் நாம் படிக்கப் போகின்றோம்.

சலரோகம், பிரஷர் என்பன பற்றி எமது மக்கள் ஓரளவு அறிந்திருக்கின்றனர். இதயத்தின் தாளம் தவறுவது பற்றி அறிந்தவர்கள் குறைவு. நேற்று வரை விறகு கொத்தியவர், மீன் வாங்கச் சைக்கிளில் போனவர், இன்று காலை எழும்பும்போது வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கையும் காலும் விழுந்து கிடக்கின்றார். “பாரிசவாதம்” என்கின்றோம். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகுதான் சிலருக்கு அவருடைய இதயம் பல மாதங்களாகவே தாளம் தவறி அடித்துக்கொண்டிருந்தது தெரிய வருகின்றது. காணியை இழந்து, வீட்டை இழந்து, உழைக்கும் இரு கைகளை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்தில் அந்த ஒரு கை விழுவது எத்தகைய இழப்பு என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இதயம் தாளம் போடும் விதம்

மூடிய கை முட்டியளவு பருமனுள்ள இதயம் நிமிடத்துக்கு 70 தடவை அடித்தால், ஒரு நாளில் ஒரு இலட்சம் தடவை அடித்துவிடும். அதில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு சோணையறைகள். கீழே இரண்டு இதயவறைகள். காதின் நுனியைச் சோணை என்கின்றோம் அல்லவா? மேலறைகளோடு காது மடல் போன்ற ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருப்பதால் அப்பெயர் வந்தது. இந்தச் சிறு பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

வலது சோணையறையின் மேற்புறத்தில் ஒரு சிறு கணு இருக்கின்றது. இதயத்தை இயக்கும் மெல்லிய மின்சாரம் அங்கிருந்துதான் பிறக்கின்றது. கிணற்றடியில் இருக்கும் இறைப்பு இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து புறப்படும் தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடி, மடையில் சற்றுத் தங்கி, பின்னர் பாத்திகளுக்குப் பிரிவது போல, அந்த மின்சாரமும் மேலறைகள் முழுவதும் பரவி, நடுவிலுள்ள இன்னொரு கணுவில் ஒரு கணம் தங்கி, கீழறைகளுக்குப் போகின்றது. மேலறைகள் முதலில் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளும். பிறகு கீழறைகள் சுருங்கி உடலெங்கும் அனுப்பும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு இது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, ஒரே இடைவெளியில் நடக்கும்.

தாளம் தவறும் நோய்கள் பல உள்ளன. அவற்றுள் நாம் இங்கு எடுத்துக்கொள்வது வைத்தியர்கள் “ஏற்றியல் பிப்ரிலேசன்” என்று சொல்லும் நோயை. சோணையறை நடுக்கம் என்று நாம் அழைக்கலாம். இதில் கணுவின் கட்டளையை மேலறைகள் கேட்பதில்லை. நாலா பக்கத்திலும் மின்சாரம் தான்தோன்றியாகச் சுழன்று, நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் மேலறைகளைத் தாக்கும். அந்த வேகத்தில் தசை சுருங்க இயலாது. பைக்குள் புழுக்கள் நெளிவது போல நடுங்கிக்கொண்டே இருக்கும். நல்ல வேளையாக நடுவிலுள்ள மடை எல்லாவற்றையும் கீழே விடுவதில்லை. சிலவற்றையே விடுகின்றது, ஆனால் ஒழுங்கில்லாமல் விடுகின்றது. ஆகவே நாடியும் ஒழுங்கில்லாமல் அடிக்கின்றது.

இதனால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சிலருக்குக் களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று. பலருக்கு ஒன்றுமே தெரியாது. வந்து வந்து போகின்றவர்களும் உண்டு. வந்தது போகாமல் நிலைத்துவிடுகின்றவர்களும் உண்டு.

ஓடாத தண்ணீரில் பாசி பிடிக்கும். நடுங்கும் சோணையறையிலும் இரத்தம் நன்றாக ஓடாமல் தேங்குகின்றது. நாம் முன்பு சொன்ன அந்தக் காது போன்ற சிறு பையில், குறிப்பாக இடது பக்கப் பையில், அது உறைந்து கட்டியாகின்றது. கட்டி ஒரு நாள் பெயர்ந்து இரத்தத்தோடு மேலே போய் மூளையின் குழாய் ஒன்றை அடைத்தால் அதுவே பாரிசவாதம். அமெரிக்காவில் பிறேமிங்ஹாம் என்ற சிறு நகரத்து மக்களை 1948 ஆம் ஆண்டு தொடக்கம் தலைமுறை தலைமுறையாகப் பரிசோதித்து வருகின்றனர். இந்நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று 1991 இல் அங்கிருந்துதான் அறிவித்தார்கள்.

கொழுப்பு இதில் செய்வது என்ன?

தோலின் கீழே இருக்கும் கொழுப்பை நாம் கிள்ளிப் பார்க்கலாம். வயிற்றினுள் குடலையும் ஈரலையும் சுற்றியிருக்கும் கொழுப்பைக் கிள்ள முடியாது. வண்டி வைத்திருப்பதைக் கொண்டு ஊகிக்கலாம். இதயத்தைச் சுற்றிய கொழுப்போ வெளியில் தெரியவே தெரியாது.

இதயத்தை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கின்றது. அந்த உறைக்கு வெளியிலும் கொழுப்பு உண்டு, உள்ளேயும் உண்டு. எமது பாடத்துக்கு முக்கியமானது உள்ளே இருப்பது. உடலின் மற்றத் தசைகளுக்கும் அவற்றின் மேலுள்ள கொழுப்புக்கும் இடையே ஒரு சவ்வு, வேலி போல நிற்கும். இதயத்தில் அந்த வேலி இல்லை. கொழுப்பு நேரடியாக இதயத் தசையின் மேலேயே கிடக்கின்றது. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் அதே குழாய்களே அதற்கும் இரத்தம் கொடுக்கின்றன. வேலியில்லாத காணி போல, இந்தப் பக்கத்தில் நடப்பது அந்தப் பக்கத்தைத் தாக்கும்.

அளவோடு உள்ளபோது அது அதிர்வைத் தாங்கும் மெத்தையாகவும், இதயத்துக்குத் தேவையான எரிபொருளைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாகவும் இருக்கின்றது. ஆகவே இறைவன் வேண்டாத இடத்தில் வைத்த பொருள் என்று அதைக் கருதக் கூடாது. அது பெருகும்போதுதான் தொல்லை. பெருத்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருட்களைச் சுரக்கின்றது. அவை அருகிலுள்ள மெல்லிய சோணையறைத் தசையில் ஊறி, அங்கே தழும்பு போன்ற நார்களை வளர்க்கின்றன. நாளடைவில் கொழுப்பே தசை இழைகளுக்குள் ஊடுருவிவிடுகின்றது.

தோட்டக்காரருக்கு இதை விளக்குவது இலகு. வாய்க்காலில் கோரை முளைத்துத் திட்டுத் திட்டாகப் பரவினால் தண்ணீர் என்ன செய்யும்? நேரே ஓடாது. திட்டைச் சுற்றிப் பிரியும், ஓரிடத்தில் தாமதிக்கும், சில இடத்தில் திரும்பிச் சுழலும். கொழுப்பும் நாரும் திட்டுத் திட்டாகப் புகுந்த சோணையறையில் மின்சாரத்துக்கும் அதே கதிதான். திட்டைச் சுற்றி வந்த மின்சாரம், தான் முன்பு கடந்த இடத்துக்கே மீண்டும் வந்து அதைத் தூண்டுகின்றது. அப்படியே சுழன்றுகொண்டிருக்கின்றது. இந்தச் சுழல்களே நடுக்கம். கோரைக் கிழங்கைப் போல இவையும் ஒரு முறை வேரூன்றினால் பிடுங்குவது கடினம்; ஆகவே ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும்.

இது வெறும் ஊகமல்ல. ஸ்கேன் இயந்திரங்கள் வந்த பின்னர் உயிருடன் இருப்பவரின் இதயக் கொழுப்பை அளக்க முடிந்தது. பிறேமிங்ஹாமில் 3,000 பேருக்கு மேற்பட்டோரின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டார்கள். இதயத்தைச் சுற்றிய கொழுப்புக் கூடியவர்களிடையே சோணையறை நடுக்கமும் கூடுதலாகக் காணப்பட்டது. “பருத்தவருக்குப் பிரஷரும் இருக்கும், அதனால் வந்திருக்கலாம் தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களும் அதைக் கேட்டார்கள். வயது, இரத்த அழுத்தம், உடற்பருமன், வயிற்றுக் கொழுப்பு என்பவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் சத்திரசிகிச்சையின்போது எடுத்த மனித இதயக் கொழுப்பு சுரந்த நீரை எலியின் சோணையறைத் தசையில் இட்டுப் பார்த்தார்கள். நார்கள் வளர்ந்தன. தோலின் கீழுள்ள கொழுப்பின் நீரை இட்டபோது அப்படி வளரவில்லை. 2015 இல் வெளியான முடிவு இது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகர ஆய்வாளர்கள் செம்மறிகளைப் பற்றி எழுதினார்கள். 10 செம்மறிகளுக்கு 72 கிழமைகள் விரும்பிய மட்டும் கொழுத்த உணவு கொடுத்தார்கள். 10 செம்மறிகளை அளவான உணவில் வைத்திருந்தார்கள். கொழுத்த செம்மறிகளின் இடது சோணையறைத் தசைக்குள் கொழுப்புப் புகுந்திருந்தது; அங்கே மின்சாரம் மெதுவாகவும் குழப்பமாகவும் ஓடியது; நடுக்கமும் கூடுதலாக வந்தது. எமது பங்கு ஆட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே.

மெலிந்தவர்களுக்கு வராதா என்றால், வரும். எமது நாட்டில் இன்னொரு வாசலும் இருக்கின்றது. சிறு வயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து மூட்டுகள் வீங்கும் வாதக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைப் பழுதாக்கியிருந்தால், உடல் மெலிந்த இளம் பெண்ணுக்குக்கூட இந்நடுக்கம் வரலாம். வயது, உயர் இரத்த அழுத்தம், தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்தல், மதுபானம் என்பனவும் காரணங்கள். கொழுப்பு மட்டுமே குற்றவாளி என்று நாம் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நிலத்தை இழந்த உடல்

பிறேமிங்ஹாமையும் அடிலெயிட்டையும் விட்டு எமது பக்கம் வருவோம். ஒரே நிறையுள்ள ஐரோப்பியரையும் தென்னாசியரையும் ஒப்பிட்டால், தென்னாசியருக்கு உட்கொழுப்புக் கூடுதலாக இருப்பது வழக்கம். கைகால் மெலிந்து வண்டி மட்டும் முன்னால் தள்ளிய உருவம் எமக்குப் புதிதல்ல. “அவர் ஒன்றும் பருமனில்லை” என்று நாம் சொல்லும் ஆளின் உள்ளே போதிய கொழுப்பு இருக்கலாம்.

இதற்கு மேல் இடப்பெயர்வு. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும் பெரும்பாலும் உழைப்பாளிகள். விடிய நாலு மணிக்கு இறைப்பு, பிறகு கொத்து, களை, மாட்டுக்குப் புல்லு என்று உடம்பு நாள் முழுதும் அசைந்தது. அந்த உடலுக்கு ஏற்ற பசியும் இருந்தது. நிலம் போனது, அசைவு போனது, பசியின் பழக்கம் போகவில்லை. நிவாரண அட்டைக்குக் கிடைத்தவை அரிசி, மா, சீனி, பருப்பு. மரக்கறியும் கீரையும் மீனும் காசுக்கு வாங்க வேண்டியவையாயின. பிள்ளைகள் மெலிய, பெரியவர்களின் இடுப்பு அகலித்த வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். வறுமையும் கொழுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதை நகரத்தில் இருந்து வருகின்ற சில உத்தியோகத்தர்கள் நம்ப மறுக்கின்றனர்.

இதைப் படித்துவிட்டு, “எங்களைக் கட்டி வைத்த ஆடு என்கின்றார்கள்” என்று கோபிக்க வேண்டாம். கட்டியவர்கள் வேறு; கயிறும் எமது கையில் இல்லை. ஆனால் கயிற்றின் நீளத்துக்குள் எவ்வளவு நடக்கலாம் என்பது எமது கையில் இருக்கின்றது.

நாடி பார்க்கப் பழகுவோம்

இதற்குக் கருவி தேவையில்லை. செக்கன் முள்ளுள்ள மணிக்கூடும் மூன்று விரல்களும் போதும். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு இடது கையை மடியில் உள்ளங்கை மேலே தெரிய வையுங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளி ஓரமாக, வலது கையின் நடு மூன்று விரல்களையும் மெதுவாக வையுங்கள். அழுத்திப் பிடித்தால் நாடி மறையும். பெருவிரலால் பார்க்க வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்துச் செக்கன் எண்ணி ஆறால் பெருக்குவது தாளத்தை அறிய உதவாது.

எண்ணிக்கையை விடத் தாளத்தையே கவனியுங்கள். நல்ல நாடி, உலக்கை போடுவது போல ஒரே இடைவெளியில் வரும். எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்து சற்றுத் தயங்குவது பலருக்கும் உண்டு. பெரும்பாலும் அதற்குப் பயப்படத் தேவையில்லை. சோணையறை நடுக்கத்தில் எந்த ஒழுங்கும் இராது. மழை தொடங்கும்போது தகரக் கூரையில் விழும் துளிகளைக் கேட்டிருப்பீர்கள்: இரண்டு சேர்ந்து, பிறகு ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு மூன்று. துடிப்பின் பலமும் ஒன்றுக்கொன்று மாறும். அப்படி இருந்தால் அடுத்த நாளும் பாருங்கள். மீண்டும் அப்படியே இருந்தால், அல்லது ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 100 ஐத் தாண்டினால், ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சு நோவு, மயக்கம், மூச்சுத் திணறல் சேர்ந்திருந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். விரல் ஐயத்தைத்தான் காட்டும். நோயை உறுதிப்படுத்துவது ஈ.சி.ஜி. மட்டுமே.

படபடப்பு எல்லாம் இந்நோய் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷெல் சத்தம் கேட்டு ஓடிய நெஞ்சு, வெடிச் சத்தம் எதைக் கேட்டாலும் இன்றும் படபடக்கும். இரத்தச் சோகையிலும் படபடக்கும். அப்போது நாடி வேகமாக அடித்தாலும் தாளம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். விரலை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு பலருக்குப் புலப்படும். வீண் பயமும் குறையும்.

65 வயதைத் தாண்டியவர்கள், பிரஷர் அல்லது சலரோகம் உள்ளவர்கள் மாதம் ஒரு முறையாவது நாடியைப் பார்ப்பது நல்லது. பாட்டனுக்கு நாடி பார்ப்பதைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் எண்ணுவதில் கெட்டிக்காரர்.

இடுப்பளவும் கொழுப்பைக் கரைப்பதும்

இதயக் கொழுப்பை அளக்க ஸ்கேன் வேண்டும். உட்கொழுப்பை ஊகிக்கத் தையற்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபடி அளவுங்கள். தென்னாசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. இதைத் தாண்டினால் உள்ளே கொழுப்புச் சேர்கின்றது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சேர்ந்தது குறையுமா? இங்குதான் நல்ல செய்தி இருக்கின்றது. டென்மார்க்கில் வயிற்றுப் பருமனுள்ள 50 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் மூச்சு வாங்கும் பயிற்சி செய்தனர். இன்னொரு பிரிவினர் பாரம் தூக்கும் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் ஒன்றும் செய்யவில்லை. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். 12 கிழமைகளின் பின் முதற் பிரிவினரின் இதயக் கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், இரண்டாம் பிரிவினருடையது நான்கில் ஒரு பங்கும் குறைந்திருந்தது. 2019 இல் வெளியான ஆய்வு இது. காசு கொடுத்துச் செய்யும் பயிற்சியை எமது முன்னோர் துலா மிதித்தும் மண்வெட்டி பிடித்தும் செய்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடிலெயிட்டில், நடுக்க நோயும் பருமனும் உள்ள 355 பேரை ஐந்து ஆண்டுகள் வரை கவனித்தார்கள். தமது நிறையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 100 க்கு 45 பேர் அளவில், இந்நோய்க்கான மாத்திரையும் இதயத்தினுள் செய்யும் சிகிச்சையும் இன்றியே நோய் திரும்ப வராமல் இருந்தனர். நிறை குறையாதவர்களில் இவ்வாறு இருந்தவர்கள் 100 க்கு 13 பேரே. 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைப்பது என்பதே இதன் கணக்கு. நிறையைக் குறைத்து மறுபடி ஏற்றி, மறுபடி குறைத்தவர்களுக்குப் பயன் குறைந்துவிட்டது. எனவே பட்டினி கிடந்து ஒரு மாதத்தில் மெலிவதில் அர்த்தமில்லை. மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தால் போதும்.

சோற்றுக் கோப்பையில் பாதியைக் கீரையும் மரக்கறியும் பிடிக்கட்டும். வளவில் நிற்கும் முருங்கையும் வேலியோரத்து முசுட்டையும் காசு கேட்பதில்லை. ஒரு நேரம் குரக்கன் பிட்டு அல்லது அவித்த பயறு. தேநீருக்கு அள்ளிப் போடும் சீனியை முதலில் பாதியாக்குங்கள். ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டீ குடிப்பவருக்கு இதுவே பெரிய மாற்றம். உப்பு, நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கீழே; கருவாடும் ஊறுகாயும் இதற்குள் அடக்கம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இந்தக் குறைப்பு எதுவும் பொருந்தாது. மெலிந்திருப்பவர் மேலும் மெலிய வேண்டாம்.

நடை, நாளுக்கு அரை மணி நேரம். “வேலையில்லாதவன்தான் றோட்டில் நடப்பான்” என்று எமது ஊரில் பகிடி பண்ணுவார்கள் என்பது உண்மைதான். பெண்கள் தனியே நடப்பது பாதுகாப்பற்ற இடங்களும் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து நடந்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும். பக்கத்தில் ஒரு துண்டுக் காணி இரவலாகக் கிடைக்குமாயின், நடப்பதை விட அதைக் கொத்துவதே மேல். நாள்பட்ட நோயுள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

மது பற்றி ஒரு சொல். நோயுள்ள 140 குடிகாரரல்லாத, ஆனால் வழமையாகக் குடிக்கின்ற அவுஸ்திரேலியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் குடியை நிறுத்தச் சொன்னார்கள். 2020 இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 100 க்கு 53 பேருக்கு. தொடர்ந்து குடித்தவர்களில் 73 பேருக்கு. சாராயத்துக்கும் கசிப்புக்கும் கள்ளுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.

மருந்தும் கிளினிக் கொப்பியும்

கொழுப்புக் குறையும் வரை இரத்தக் கட்டி காத்திருக்காது. நோய் உறுதியானவர்களுள் பலருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவைப்படும். யாருக்குத் தேவை என்பதை வயது, பிரஷர், சலரோகம், வால்வின் நிலை என்பவற்றைப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். வாபரின் என்ற மாத்திரை கிடைத்தால் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். கீரை சாப்பிடலாம்; ஆனால் ஒரு கிழமை நிறையவும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் என்று மாற்றக் கூடாது, மருந்தின் அளவு குழம்பும். கடையில் நோ மாத்திரையோ நாட்டு மருந்தோ வாங்குமுன் வாபரின் எடுப்பதைச் சொல்லுங்கள். மண்வெட்டி பட்டுக் காலில் காயம் வந்தால் துணியால் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் போங்கள். சுகமாக இருக்கின்றது என்று தாமாக மருந்தை நிறுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஒருவருக்கு முகம் கோணினால், தூக்கிய கை தானாகக் கீழே விழுந்தால், பேச்சுக் குளறினால் உடனே 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கட்டியைக் கரைக்கும் ஊசி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. அதுவும் தலை ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலேதான். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை யாராவது குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்ப்பதிலும் வாயில் எதையாவது பருக்குவதிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரே புரைக்கேறும்.

இடம் மாறி இடம் மாறி வாழ்பவர்களுக்கு இன்னொன்று. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடப் பழகியவர்கள் நாம். அந்தப் பையினுள் கிளினிக் கொப்பியையும் கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி. தாளையும் வையுங்கள். பழைய ஈ.சி.ஜி. தாள் கையில் இருந்தால், புதிய ஊரில் உங்களைப் பார்க்கும் வைத்தியர் தாளம் எப்போது தவறியது என்பதை ஒப்பிட்டு அறிந்துகொள்வார். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சிறு தாளில் எழுதி, வீட்டில் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.